லைட் அக்காவும் சும்மா நின்றவர்களும்

நான் அவரை முதன்முதலாகச் சந்தித்தபோது என்னை இருட்டில் விட்டார்.

ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலின் பதினோராவது மாடி. காலை ஏழரை மணி. மணப்பெண்ணின் வலது கண்ணுக்கு மை தீட்டி முடித்து இடது கண்ணுக்கு வந்திருந்தேன். கதவு திறந்தது. குட்டையான, கறுப்புச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்ட ஒரு பெண் உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை, வணக்கம் சொல்லவில்லை. சுவரோரமாக நடந்து ஒவ்வொரு விளக்காக அணைத்தார். கட்டில் விளக்கு, மேசை விளக்கு, குளியலறை விளக்கு. கடைசியில் என்னுடைய வட்ட விளக்கின் பிளக்கையும் பிடுங்கினார். என் கையில் மைக்கோல், எதிரே ஒற்றைக் கண்ணுடன் ஒரு மணப்பெண், சுற்றிலும் இருட்டு.

யார் நீங்கள், நான் வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்று கோபமாகத்தான் கேட்டேன்.

"நானும் அதுக்குத்தான்மா வந்திருக்கேன். ஒரு நிமிஷம் பொறுங்க. இந்த ரூம்ல சொந்த வெளிச்சம் எதுன்னு பாத்துக்கறேன்."

திரையை இழுத்துத் திறந்தார். நீரிணைப் பக்கமிருந்து காலை வெயில் நேராக மணப்பெண்ணின் முகத்தில் விழுந்தது. அப்போதுதான் என் வேலையை நானே பார்த்தேன். ஹோட்டலின் மஞ்சள் விளக்கை நம்பி நான் பூசியிருந்த பூச்சில் அந்தப் பெண்ணின் முகம் ஆரஞ்சாகவும் கழுத்து அவளுடைய சொந்த மாநிறமாகவும் இருந்தன. இரண்டையும் யாரோ தனித்தனியாக வாங்கிப் பொருத்தியது போல. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அன்று முழுவதும் அவருடன் நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் படம், ஒப்பனை, பூ அலங்காரம் என்று பெயர்கள் அச்சாகும்போது தன் பெயரை எடுத்துவிடச் சொல்கிறவர் அவர். எங்கள் எல்லோருக்கும் அவர் லைட் அக்கா. கல்யாண வேலைக்கு எங்களை அழைத்துப்போகும் போட்டோகிராஃபர் தேவாவுக்கு மட்டும் அண்ணி. தேவாவின் பெரியப்பா மகனைக் கட்டியவர். ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கக் குடும்பம். அதனால் ஞாயிறு கல்யாணங்களுக்கு வரமாட்டார். தேவா அந்த நாள்களில் முகம் வாடித்தான் வேலை செய்வார்.

ஆறு வருடம் அவரோடு ஹோட்டல் அறைகளில் வேலை செய்தேன். கல்யாணத்தன்று காலையில் மணப்பெண் தயாராகும் அறை எப்படி இருக்கும் என்று உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு பேர் படுக்கும் அறையில் பதினாறு பேர் நிற்பார்கள். கட்டில் மேல் புடவைகள், புடவைகள் மேல் நகைப்பெட்டி, நகைப்பெட்டி மேல் யாரோ பாதி தின்ற நாசி லெமாக் பொட்டலம். அத்தைகள், சித்திகள், மாமாக்கள், ஆளுக்கொரு யோசனை. இதற்கு நடுவில் அவர் விளக்கு வைக்க வேண்டும். சிவப்புக் கம்பளத்தின் நிறம் மணப்பெண்ணின் தாடையில் ஏறாமல் இருக்க அதன்மேல் வெள்ளைப் போர்வை விரிக்க வேண்டும். கண்ணாடியில் விளக்கு தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப்பட்ட இடத்தில் யாராவது சும்மா நின்றால் அவருக்குத் தாங்காது. நேராக அவர்களிடம் போவார்.

"கையில ஒன்னும் இல்லயா? அப்ப இதப் பிடிங்க."

பெரும்பாலும் அவர் நீட்டுவது அந்த வெள்ளை வட்டம்தான். மடக்கினால் சாப்பாட்டுத் தட்டளவு, விரித்தால் வண்டிச் சக்கரமளவு. ஜன்னல் வெளிச்சத்தை மணப்பெண்ணின் இருண்ட பக்கக் கன்னத்துக்குத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. அதை மாட்டிவைக்க இரும்புத் தாங்கி ஒன்று கடைகளில் கிடைக்கும். தேவா நல்லதாகவே ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். அக்கா அதில் தன் கைப்பையைத் தொங்கவிடுவார். ஏன் என்று கேட்டால், "ஸ்டாண்டு பேசாதுலா" என்பார். வெள்ளை வட்டத்தை ஒரு மனிதர் பிடித்தால் அவர் மணப்பெண்ணிடம் ஏதாவது பேசுவார், பேசினால் அந்தப் பெண் கேமராவை மறப்பாள். அதுதான் அவர் கணக்கு.

உலு திராமில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் பெரியப்பா ஒருவர் வெள்ளை முழுக்கைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு வந்து அறை நடுவில் நின்றுகொண்டார். கார் அலங்காரம் சரியில்லை, ஐயர் வந்தாரா தெரியவில்லை, சமையல்காரனுக்கு யார் பொறுப்பு என்று ஒருவர் விடாமல் திட்டிக்கொண்டிருந்தார். மணப்பெண்ணின் தோள்கள் மெல்ல மெல்லக் காதை நோக்கி ஏறின. அந்தத் தோளில் நான் எப்படிப் பூச்சரம் வைப்பேன்? அக்கா பெரியப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு, ஐயா, உங்கள் சட்டையைப் போல ஒரு வெள்ளை எங்களிடம் இல்லை, தயவுசெய்து அந்த மூலையில் நிற்க முடியுமா, வெளிச்சம் உங்கள்மேல் பட்டுப் பிள்ளை முகத்துக்கு வரும் என்றார். பெரியப்பா சந்தேகமாகப் பார்த்தார். ஆனாலும் நின்றார். இன்னும் கொஞ்சம் இடதுபக்கம், நெஞ்சை நிமிர்த்துங்கள், மூச்சை மட்டும் மெதுவாக விடுங்கள், பேசினால் சட்டை ஆடும். முக்கால் மணி நேரம் அந்த மனிதர் வாய் திறக்கவில்லை. முகூர்த்தத்துக்குப் பிறகு பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களிடம், பிள்ளையின் படங்களுக்கு வெளிச்சம் கொடுத்ததே நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யும் இல்லை. படங்களில் அந்தப் பெண்ணின் இடதுகன்னம் அத்தனை அழகாக வந்திருந்தது.

அக்கா இதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் கண்ணாடி வில்லைகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தவர். வெள்ளை விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு வில்லையாகத் திருப்பிப் பார்த்துக் கீறல் தேடுவது வேலை. ஆலையை மூடியபோதுதான் தேவா அவரைக் கூப்பிட்டார். மணப்பெண்ணின் நெற்றித் தழும்பையோ பருவையோ மறைக்க நான் போராடும்போதெல்லாம் அருகில் வந்து நின்று அந்தக் கதையை ஆரம்பிப்பார்.

"கீறல் இல்லாத கண்ணாடி நான் பாத்ததே இல்லம்மா. வெளிச்சத்தக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினா தெரியும், அந்தப் பக்கம் திருப்பினா தெரியாது. அவ்ளோதான். நீங்க ஏன் சுண்ணாம்பு பூசுறீங்க?"

என் தொழிலைச் சுண்ணாம்பு என்று சொன்னதற்காக நான் ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன். அவருக்கு அதுவும் தெரியவில்லை.

குளுவாங்கில் நான்கு மாடிச் சின்ன ஹோட்டல் ஒன்று தன் அறைகளைப் படம் எடுக்கத் தேவாவைக் கூப்பிட்டது. விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போனார்கள். காப்பி முதல் அரை மணியிலேயே ஆறிவிட்டது. மீதி மூன்று மணி நேரம் அதை நான் சிரித்துக்கொண்டே குடித்தேன். ஹோட்டலின் மேலாளர், ஐம்பது வயதுச் சீனர், வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, அறை பெரிதாகத் தெரிய வேண்டும், இன்னும் பெரிதாக, இன்னும் பெரிதாக என்று மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார். கையைக் கட்டியவரை அக்கா விடுவாரா? கட்டில் தலைமாட்டு விளக்கைச் சரிபார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் படுங்கள் என்றார். மேலாளர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார்.

அவர் அந்த ஹோட்டலுக்கு வந்து ஒன்பது வருடமாம். அதன் கட்டிலில் படுத்தது அன்றுதான் முதல் தடவை. தலைமாட்டு விளக்கு நேராக அவர் கண்ணைக் குத்தியது. குளிர்சாதனக் காற்று மூக்கில் அடித்தது. எதிர்ச் சுவரில், எப்போதோ படம் மாட்டியிருந்த ஆணி ஒன்று தனியாக அவரைப் பார்த்தது. ஐந்து நிமிடம் பத்து நிமிடமானது. அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு படுத்தபடியே கைத்தொலைபேசியை எடுத்துப் பராமரிப்பு ஆளை அழைத்தார். அன்று எங்கள் வேலை பாதியில் நின்றது. இரண்டு வாரம் கழித்து மறுபடி போனபோது அந்த மாடி முழுவதும் கட்டில்கள் திசை மாறியிருந்தன. அறைகள் உண்மையிலேயே பெரிதாகத் தெரிந்தன. மேலாளர் எனக்குச் சூடான காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

இந்தப் பழக்கம் எப்போதும் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் அக்கா, முப்பத்தைந்து வயதிருக்கும், இன்னும் கல்யாணமாகாதவர், ஜன்னலோரம் வெறுங்கையோடு நின்றார். லைட் அக்கா வழக்கம்போல வெள்ளை வட்டத்தை எடுத்துக்கொண்டு போய், கையில் ஒன்றும் இல்லையா என்று கேட்டார். அந்தப் பெண் அவரையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"நாலு மணிக்கு எந்திரிச்சேன்க்கா. எல்லாருக்கும் எல்லாம் நான்தான் எடுத்துக் குடுத்தேன். இப்பத்தான் ஒரு நிமிஷம் நிக்கிறேன்."

லைட் அக்காவின் முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன். வட்டத்தைக் கீழே வைத்தார். மணப்பெண்ணிடம் போய், இரண்டு நிமிடம் எழுந்திருக்க முடியுமா என்று கேட்டார். அந்த நாற்காலியில், மணப்பெண்ணுக்கென்று அரை மணி நேரம் பாடுபட்டு அமைத்த அந்த வெளிச்சத்தில், அக்காக்காரியை உட்காரவைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தூரிகையை எடுத்தேன். வெள்ளை வட்டத்தை மணப்பெண்ணே பிடித்தாள். பட்டுப்புடவையும் ஒட்டியாணமுமாக நின்று, தன் அக்காவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தாள். அன்று எடுத்த ஆயிரத்துச் சொச்சம் படங்களில் தேவாவுக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அக்கா கொஞ்ச நாள் கேள்வியை மாற்றி, "கொஞ்சம் உதவி பண்ண முடியுமா?" என்று கேட்டுப் பார்த்தார். அது அவர் வாயில் நிற்கவில்லை. ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டார்.

கவிதாவின் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னால்தான் அவரைப் பற்றிச் சொன்னதாகும். கவிதா என்பது நான் வைத்த பெயர். கெலாங் பாத்தாவில் தையல் கடை வைத்திருந்த ஓர் அம்மாவின் மூத்த மகள். அவளுக்கு எட்டு வயதும் தங்கைக்கு மூன்று வயதும் இருக்கும்போது அப்பா வீட்டை விட்டுப் போனார். சிங்கப்பூரில் வேறு ஒரு பெண்ணோடு வாழ்ந்தார், பிறகு அதுவும் இல்லை என்று கேள்வி. ஒத்திகை ஒப்பனைக்கு வந்த அன்றே அந்த அம்மா என்னையும் தேவாவையும் லைட் அக்காவையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். இவள் அப்பா வரமாட்டார், அழைக்கவில்லை, அவளிடம் அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம். குரலை உயர்த்தாமல், துணிக்கு அளவு சொல்வதைப்போலச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம்.

கல்யாணத்தன்று காலை அறையில் வழக்கத்துக்கு மாறாகக் கூட்டமே இல்லை. உறவுப் பெண்கள் பூ வாங்கப் போயிருந்தார்கள். தாய்மாமன் கோயில் மண்டபத்தில் இருந்தார். அம்மாவுக்கும் தங்கைக்கும் பக்கத்து அறையில் என் தோழி புடவை கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். கவிதா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அமைதியான பெண்தான், ஆனால் கண்ணை ஓரிடத்தில் நிறுத்தமாட்டேன் என்றாள். மை தீட்டும்போது இரண்டு தடவை கோடு தவறியது. கொஞ்சம் ஆடாமல் இரும்மா என்று நான் கண்டிக்கக்கூடச் செய்தேன்.

என் வேலை முடிந்தது. அக்கா வெளிச்சம் வைத்தார். இருபது நிமிடம் அந்த முகத்துக்கு நேரே நின்று, விளக்கை ஏற்றி, இறக்கி, நகர்த்தி. பிறகு வட்டம் பிடிக்க ஆள் தேடினார். அறையில் ஆள் இல்லை. நான் பிடிக்கிறேன் என்றேன், வேண்டாம், நீங்கள் நெற்றிச்சுட்டியைப் பாருங்கள் என்றார். தாங்கியில் அவர் கைப்பை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு மாட்டியிருக்கலாம். அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

திரும்பி வரும்போது கூடவே ஒருவர் வந்தார். அறுபதை ஒட்டிய வயது, ஒல்லி, இஸ்திரி போட்ட நீலச் சட்டை. உள்ளே வரத் தயங்கியவரின் கையில் அக்கா வட்டத்தைக் கொடுத்து, இப்படி உயர்த்தி, முகத்துக்கு முன்னால், ஆமாம் அப்படி என்று நிறுத்தினார். ஹோட்டல் ஆளாக இருக்கும் என்று நினைத்தேன். வட்டத்துக்குப் பின்னால் அவர் முழுக்க மறைந்துவிட்டார். இரண்டு பக்கமும் விரல்கள், கீழே சப்பாத்து, அவ்வளவுதான் தெரிந்தது.

"கவிதா, அந்த வெள்ளையப் பாருமா," என்றார் அக்கா.

கவிதா பார்த்தாள். அவள் முகத்தில் நான் பூசியிருந்த எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ நகர்ந்தது. விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நிற்காமல் அலைந்த கண்கள் அங்கே போய் நின்றுவிட்டன. எனக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. புரிந்ததும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் முதல் நினைப்பு கண் மை கரையும் என்பதுதான். தேவா கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டார்.

கவிதா எழுந்து கத்தினால் என்ன செய்வது, அழுதால் என்ன செய்வது என்று நான் கையில் பஞ்சோடு நின்றேன். அவள் நிதானமாக மூச்சு இழுத்தாள்.

"கொஞ்சம் கீழ இறக்குங்க. எனக்குக் கண்ணு கூசுது."

வட்டம் மெல்ல இறங்கியது. முதலில் நெற்றி, பிறகு கண்கள், பிறகு அந்த முகம் முழுவதும். அவர் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. தவறு செய்த பிள்ளையைப் போல நின்றார்.

"இப்ப சரி," என்றாள் கவிதா. "அப்படியே பிடிங்கப்பா."

தேவா படம் எடுக்க ஆரம்பித்தார். நாலைந்து படம் எடுத்திருப்பார், பக்கத்து அறைக்குப் போகும் நடுக்கதவு திறந்தது. கவிதாவின் அம்மா, தேன் நிறப் பட்டுப்புடவையில், கொண்டை ஊசியைப் பற்களுக்கிடையில் வைத்துக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார். ஊசியை வாயிலிருந்து எடுத்தார். அந்த மனிதர் வட்டத்தை மறுபடி முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அம்மா மகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கவிதா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அம்மா அக்காவின் பக்கம் திரும்பினார்.

"வேற ஆளு கிடைக்கலியா உங்களுக்கு?"

"இல்லம்மா," என்றார் அக்கா, மிகச் சின்னக் குரலில்.

"அவருக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாது. முதுகு சரியில்ல. ஒரு நாற்காலி போடுங்க."

சொல்லிவிட்டு, ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டே பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான்தான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்து பிடித்தார். வட்டம் நடுங்கியது. அந்த நடுக்கத்தில் வெளிச்சம் கவிதாவின் கன்னத்தில் தண்ணீர் மாதிரி ஆடியது. தேவா அதையும் எடுத்தார். இருவரும் அதிகம் பேசவில்லை. எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று அவள் கேட்டாள். முதல் பஸ் என்றார். சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசலா என்று கேட்டாள். காலையில் இல்லை என்றார். அவ்வளவுதான். படம் முடிந்ததும் குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். போயிட்டு வர்றேன்மா என்றார். வாங்கப்பா என்றாள். கோயிலுக்கு அவர் வரவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் பெட்டிகளை ஏற்றும்போது நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். தெரிந்துதான் செய்தீர்களா என்று கேட்டேன். அது நம் வேலையா என்றும் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருப்பேன்.

அவர் பெட்டி மேல் உட்கார்ந்தார். "கதவு தொறக்கிறப்ப எல்லாம் அவ கண்ணு அங்க ஓடுச்சு. நீங்க ஆடாதன்னு சொன்னீங்க. நான் எதுக்கு ஆடுதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன். வெளிய போனா, லிஃப்ட் பக்கத்துல அதே மூஞ்சி நிக்குது. இருபது நிமிஷமா வெளிச்சம் போட்டுப் பாத்த மூஞ்சிலா, எனக்குத் தெரியாதா?"

அந்த அம்மா வேண்டாம் என்று நம் முன்னால்தானே சொன்னார் என்றேன்.

"சொன்னாங்க." பெட்டியின் கொக்கியை மாட்டினார். "தப்புதான். அவங்ககிட்ட கேட்டிருக்கணும். கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பாங்க, அதான் கேக்கல. அதுதான் தப்பு."

இத்தனை நேராக ஒத்துக்கொள்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது? மீதிப் பெட்டிகளை இருவருமாக ஏற்றினோம். அன்று மாலை கவிதாவின் அம்மா தேவாவை அழைத்து, வரவேற்புக்கு அந்த விளக்கு வைக்கும் பெண் வர வேண்டியதில்லை என்று சொன்னார். அக்கா வரவில்லை. மறுநாள் தன் கணவரோடு கெலாங் பாத்தாவுக்குப் போய், தையல் கடை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாராம். அந்த அம்மா சரி என்று மட்டும் சொன்னாராம். உட்காரச் சொல்லவில்லை. இதையும் அக்காதான் எனக்குச் சொன்னார், எதையும் கூட்டிக் குறைக்காமல்.

ஒரு மாதம் அவர் யாரையும் எதையும் பிடிக்கச் சொல்லவில்லை. தாங்கி முதல்முறையாகத் தாங்கியாக வேலை பார்த்தது. படங்கள் ஒழுங்காக வந்தன, யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு மாதம் எல்லா மணப்பெண்களும் கேமராவைத்தான் பார்த்தார்கள். ஒருநாள் தேவாவே பொறுக்கமுடியாமல் தாங்கியை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். "அண்ணி, மறந்துட்டேன்," என்றார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, சோபாவில் உட்கார்ந்து கைத்தொலைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைத் தோழனை நோக்கி நடந்தார்.

பிறகு அவருக்கு முழங்கால் வலி வந்தது. வேலையைக் குறைத்துக்கொண்டார். பத்து மாடி ஹோட்டல் என்றால் வருவார், மின்தூக்கி இருக்கும். மாடிப்படி மட்டுமே உள்ள பழைய ஷாப்ஹவுஸ் ஹோட்டல்களுக்கு வரமாட்டார். நாங்கள் மாதம் ஒருமுறை சந்திப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்றானது.

மூன்று வருடம் போயிருக்கும். ஒரு மத்தியானம் கவிதாவின் அம்மா என்னைக் கைத்தொலைபேசியில் கூப்பிட்டார். பெயரைப் பார்த்ததும் எடுக்கத் தயங்கினேன். நலம் விசாரித்தார். கவிதாவுக்கு ஆண் குழந்தை என்றார். சின்ன மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, நீங்கள்தான் வந்து செய்ய வேண்டும் என்றார். நான் நாளைக் குறித்துக்கொண்டேன். தொலைபேசியை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அந்த லைட் போடுறவங்களயும் வரச் சொல்லுங்க."

சரிங்கம்மா என்றேன்.

"ஆனா ஒன்னு சொல்லிடுங்க அவங்ககிட்ட. இந்தத் தடவ வெளிய போய் யாரயும் கூட்டிக்கிட்டு வர வேணாம். அவருக்கு நானே பத்திரிக்க குடுத்துட்டேன்."

உடனே அக்காவை அழைத்து, அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. பிறகு வழக்கமான குரல் வந்தது.

"நல்லதாப் போச்சுலா. எனக்கு ஒரு வேல கொறஞ்சுச்சு."